காட்டில் 'சீ' இல்லை

இரவு பெய்த மழையைக் குடித்து இரண்டு மடங்காக உப்பிக் கிடந்த டயப்பர் ஒன்றை நீள இடுக்கியால் தூக்கி பக்கெட்டில் போட்டபோது மணி ஆறரை. அன்றைக்கு அதுதான் முதல் போணி. அதற்குப் பிறகு மூன்று பீர் பாட்டில்கள், அதில் ஒன்று உடைந்தது. சிகரெட் துண்டுகள், எண்ணிக்கையில் சேர்த்தி இல்லை. ஒற்றைச் செருப்பு. நாய் போட்டது இரண்டு இடத்தில், மனுஷன் போட்டது ஓர் இடத்தில். கடைசியாகச் சொன்னதை அள்ளுவதற்கென்றே ஆயா ஒரு தகரத் தகடு வைத்திருந்தாள். மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அந்த வேலைக்கு அனுப்பிவைப்பாள். அப்படியும் வயிறு ஒரு தடவை தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போகும்.

அள்ளிய இடத்தில் மண்ணைப் போட்டு மூடி, மேலே காய்ந்த இலைகளைத் தூவி, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பாள். யாரும் காலடி வைக்காத இடம்போல ஆகிவிட்டிருக்கும். ஒன்பது மணிக்குப் பெரிய மிஸ் பதினாறு குழந்தைகளை ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு வருவார். "பாத்தீங்களா கண்ணுங்களா, காட்ட யாரும் பெருக்கறதில்ல, யாரும் தொடைக்கறதில்ல. ஆனா எவ்ளோ சுத்தமா இருக்கு," என்பார். ஆயா கொட்டகைக்குப் பின்னால் நின்று பக்கெட்டை மூடிக்கொண்டிருப்பாள்.

காடு என்பது பெயருக்குத்தான். ஒரு முனையில் நின்று தும்மினால் மறு முனையில் கேட்கும். நகரத்தின் கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையில், வெட்ட மறந்துவிட்டதுபோல நின்றுவிட்ட மரங்கள். நடுவில் ஒரு வெளி. அங்கே வட்டமாகப் போட்ட மரக்கட்டைகள், மேலே கட்டிய தார்ப்பாய், சாமான் வைக்க ஒரு கொட்டகை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு இங்கேதான் வகுப்பு. சுவர் கிடையாது, நாற்காலி கிடையாது, எழுத்துப் பலகை கிடையாது. மழையானாலும் வெயிலானாலும் இங்கேதான். குழந்தைகள் ரெயின்கோட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு சேற்றில் புரளும். கம்பளிப்பூச்சியைக் கையில் ஏற்றிக்கொள்ளும். ஓடில்லாத நத்தை போன வழியை விரலால் தொட்டு, பிசுபிசுப்பை மூக்கருகே கொண்டுபோய் முகரும்.

உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு பலகை தொங்கியது. 'காட்டில் சீ இல்லை' என்று மிஸ்ஸே பச்சைப் பெயின்டில் எழுதியது. அந்தப் பலகையைத் தாண்டி வந்த யாரும், எதைப் பார்த்தும், 'சீ' என்று சொல்லக் கூடாது. குழந்தைகள் மட்டும் இல்லை. அப்பா அம்மா, மிஸ், ஆயா, தார்ப்பாய் கட்ட வருகிற ஆள், எல்லாருக்கும் அதே விதிதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மிஸ் அவளைக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு மண்புழுவை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அது சுருண்டு, நீண்டு, விரல் இடுக்கில் மூக்கை நுழைத்தது. மிஸ் புழுவைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருவருப்புங்கறது பொறக்கும்போது கூட வர்றதில்ல. பெரியவங்க மூஞ்சியப் பாத்துதான் கொழந்தைங்க கத்துக்குது. இங்க உங்க மூஞ்சிதான் பாடப்புத்தகம், புரியுதா?"

"புரியுது மிஸ்."

முகத்தை இஸ்திரி போட்டதுபோல வைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டில் அவளுக்குப் பெயரே 'உவ்வே' என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது. பாலில் ஆடை படிந்தால் குடிக்க மாட்டாள். அண்ணன் குடித்த டம்ளரைக் கழுவிய பிறகும் கழுவுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையை வீட்டுக்கு வரும்வரை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வருவாள். அப்படிப்பட்டவளைத்தான் விதி இடுக்கியும் பக்கெட்டும் கொடுத்து இங்கே நிறுத்தியிருந்தது. மண்புழு வைத்த கையை அன்று எத்தனை தடவை கழுவினாள் என்று கேட்டால் வெட்கப்படுவாள்.

எல்லாம் சுண்டுவுக்காக. அவளுடைய நான்கு வயதுப் பெண். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அவளுடைய அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆயா வேலைக்கு வருகிறவளின் குழந்தைக்கு வகுப்பில் ஓர் இடம் இலவசம். காட்டு வகுப்பை முடிக்கிற குழந்தைகள் நேராக இதே நிர்வாகத்தின் பெரிய பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்குப் போகலாம். மேட்டுத் தெருவில் இருக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஆயா பஸ்ஸின் அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவாள். சுண்டு அந்தப் படியில் ஏறிவிட்டால் போதும். அதற்காக எத்தனை பக்கெட் வேண்டுமானாலும் தூக்கலாம்.

சுண்டுவோ இதில் எதையும் அறியாமல் காட்டுக்கே பிறந்தவள்போல இருந்தாள். அம்மாவின் 'உவ்வே' அவள் ரத்தத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. வண்டு, தவளை, செத்த பட்டாம்பூச்சி, காளான், எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர்கள்.

பன்னிரண்டு மணிக்குப் பெற்றோர் வருவதற்குமுன் ஆயாவுக்கு ஒரு வேலை இருந்தது. காலையெல்லாம் புதரில் நுழைந்து வந்த தலைகளில் என்னென்னவோ சிக்கியிருக்கும். அவள் ஒரு கட்டையில் உட்காருவாள். குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்து அவள் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நிற்கும். நின்றதும் ஒரே கேள்விதான்.

"ஆயாக்கா, காடு இன்னிக்கு என் தலையில என்ன வெச்சிருக்கு?"

முள்விதை, இலைத்துணுக்கு, பாதி இறகு, சில நாள் ஒரு பொறி வண்டு. எடுத்ததைக் கையில் காட்டி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவாள். டப்பாவுக்குக் 'காட்டுப் பெட்டி' என்று மிஸ் பெயர் வைத்திருந்தார். யார் தலையில் காடு எதுவும் வைக்கவில்லையோ அந்தக் குழந்தை அழும். அதனால் ஆயா எப்போதும் புடவை மடிப்பில் நாலைந்து விதைகளை வைத்திருப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு அந்த வேலையில் பிடித்த நேரம். வெயிலில் காய்ந்த குழந்தைத் தலைகளின் வாசனைக்கு மட்டும் அவள் வயிறு எட்டிப் பார்ப்பதில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை, ரிப்பன் வந்து நின்றாள். அந்தக் குழந்தைக்கு இடுப்புவரை முடி. தினமும் உடைக்கு ஏற்ற நிறத்தில் இரண்டு ரிப்பன் கட்டிக்கொண்டு வருவாள், அதனால் வந்த பெயர். அவளுடைய அம்மா பல் டாக்டர். ஆயா காதோரம் சிக்கிய முள்விதையை எடுக்க முடியை விலக்கினாள். காதுக்குப் பின்னாலிருந்து கொழுத்த பேன் ஒன்று, அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடந்து, முடிக்குள் போனது. அதன் பின்னால் ஈர்கள், நூலில் கோத்தது மாதிரி, வரிசையாக.

'உவ்வே' நெஞ்சுக்கூட்டில் ஏறி, தொண்டையில் முட்டி, பல்லுக்குப் பின்னால் நின்றது. முகம் மட்டும் இஸ்திரி கலையாமல் இருந்தது.

"ஆயாக்கா, என்ன வெச்சிருக்கு?"

"வெத."

"காட்டுங்க."

"ரொம்பச் சின்ன வெத கண்ணு. கீழ விழுந்துடுச்சு."

விழவில்லை. இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து ஏற்கெனவே நசுக்கியாகிவிட்டது. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அன்றே மிஸ்ஸிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு அடி எடுத்தும் வைத்தாள். ஆனால் நடக்கப்போவது கண்முன் தெரிந்தது. 'பேன்' என்ற சொல் அவள் வாயிலிருந்து விழுந்த அடுத்த நொடி, எல்லார் கண்ணும் ரிப்பனின் தலைக்குப் போகாது, சுண்டுவின் தலைக்குத்தான் போகும். ஆயா பெண்ணின் தலையில் இல்லாத பேன் டாக்டர் பெண்ணின் தலைக்கு எப்படி வரும்? இது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் குழந்தை நான்கு வயதில் எதற்குக் கூனிக்குறுக வேண்டும் என்பது. நாமே சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தாள். ஒருநாளைக்கு மூன்று, நான்கு. தினமும் 'வெத' என்றாள். ரிப்பன் எண்ணிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குப் போய் நகத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, சாப்பிட உட்கார்ந்தால், சோற்றைப் பிசையும் விரலைப் பார்த்ததும் பாதியில் எழுந்துவிடுவாள்.

சுண்டுவின் தலையில் எண்ணெயை வழிய வழியத் தேய்த்து, இறுக்கிப் பின்னிவிட்டாள். ரிப்பனோடு தலையை ஒட்டிக்கொண்டு உட்காராதே என்றாள். யாரிடம் சொல்வது? ஓர் எறும்புப் புற்று கிடைத்தால் போதும், இரண்டு தலைகளும் ஒரே தலையாகிவிடும். இரண்டாவது வாரம் சுண்டு தூக்கத்தில் சொறிய ஆரம்பித்தாள்.

அந்தத் திங்கட்கிழமை, டயப்பரும் பாட்டிலும் அள்ளிய அதே நாள், பதினொன்றரைக்கே கார்கள் வர ஆரம்பித்தன. பெற்றோர் ஒவ்வொருவராகப் பலகையைத் தாண்டி வந்து தார்ப்பாய்க்குக் கீழே நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ரிப்பனுக்குத் தலைகுளிப்பாட்டும்போது பல் டாக்டர் பார்த்துவிட்டாராம். பெற்றோருக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. இரவெல்லாம் அதில் பேச்சு. ஆயா அந்தக் குழுவில் இல்லை. ஆகவே எல்லாரும் முடிவு செய்துவிட்டு வந்த விஷயத்தை அவள் கடைசியாகத் தெரிந்துகொண்டாள்.

மிஸ் எப்போதும்போல மெதுவாகப் பேசினார். அவர் குரல் தேனில் ஊறவைத்த பஞ்சு மாதிரி. காதை அடைக்கும், ஒட்டும்.

"நாம யாரையும் சுட்டிக் காட்ட இங்க கூடல. பேனும் ஒரு உயிர்தான். இயற்கையோட ஒரு பகுதி. இதுல அசிங்கம்னு ஒண்ணுமே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் நிம்மதி. அவ்ளோதான்."

"நானே பாத்துடறேன் மிஸ்," என்றார் பல் டாக்டர். கிளினிக்கிலிருந்து ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்திருந்தார். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் கையை விட்டுச் சம்பாதிக்கிறவர். கையுறையை இழுத்து மாட்டியபோது சடக்கென்று சத்தம் வந்தது. "மொதல்ல ஆயா பொண்ணு வரட்டும்."

ஏன் முதலில் அவள் என்று யாரும் கேட்கவில்லை. ஆயாவும்கூடக் கேட்கவில்லை.

சுண்டுவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தலை பார்க்கும் வரிசையில் எப்போதும் அவள்தான் கடைசி. அம்மாவின் பெண் என்பதால் அப்படி. இன்று முதல் ஆள், அதுவும் இத்தனை பேர் பார்க்க. ஓடிவந்து கட்டையில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். பல் டாக்டர் பின்னலை அவிழ்த்தார். நீல நிற ரப்பர் விரல்கள் முடியைப் பிரித்தன. சுண்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, காடு என் தலையில என்ன வெச்சிருக்கு?"

ஆயா சுற்றிப் பார்த்தாள். ஒரு முகத்திலும் சுருக்கம் இல்லை. ஒரு மூக்கும் விடைக்கவில்லை, ஓர் உதடும் கோணவில்லை. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி அத்தனை முகங்களும் பளபளவென்று இருந்தன. பலகையின் விதியை அவர்கள் அவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையும் அவரவர் குழந்தையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. ஓர் அடி. இன்னும் ஓர் அடி. கட்டையைச் சுற்றி இடம் அகன்றுகொண்டே போனது. நடுவில் சுண்டு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.



"இருக்கு," என்றார் டாக்டர். "நெறையவே இருக்கு."

"வெதயா மம்மி?" ரிப்பன் கூட்டத்திலிருந்து தலையை நீட்டினாள். "எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. அப்புறம்தான் சுண்டுக்கு. ஆயாக்கா தெனம் எடுப்பாங்க. என்கிட்ட நாப்பத்தி ரெண்டு வெத."

ஒரு வாண்டு நாற்பத்திரண்டுவரை பிழையில்லாமல் எண்ணிவிட்டதற்கு வேறொரு நாளாக இருந்தால் மிஸ் கைதட்டியிருப்பார்.

பல் டாக்டர் மெதுவாகத் திரும்பினார். அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டுவந்தவர். "ஒனக்குத் தெரியுமா?"

"மூணு வாரமா டாக்டர். பாப்பா சங்கடப்படுமேன்னு, நானே..."

"மூணு வாரமா. எம் பொண்ணு தலையில கைய வெச்சிக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லல."

"அதே கைதான மத்த பசங்க தலைக்கும் போயிருக்கு," என்றார் பின்னால் நின்ற ஒரு அப்பா. குரலில் கோபம்கூட இல்லை. தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிட்டவர்போலச் சொன்னார்.

எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். ஒவ்வொரு தலைக்கும் பிறகு சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுப்பாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். போன வாரம் மழை வந்த அன்று, அவசரத்தில், முக்கினோமா இல்லையா? திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

மிஸ் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நல்ல மனசுலதான் செஞ்சிருக்கீங்க. ஆனா அவங்களுக்கு ஒரு நம்பிக்க வரணுமில்லயா? சுண்டுக்கு முடிய எடுத்துடுங்க. சுத்தமா. நாளைக்கு மொட்டையோட வந்து நின்னா பேச்சு அத்தோட முடிஞ்சுடும். இல்லன்னா இந்த வருஷம் அவ வீட்லயே இருக்கட்டும். எடத்த வேற கொழந்தைக்குக் குடுத்துடலாம்."

"ரிப்பனுக்கும் எடுக்கறாங்களா மிஸ்?"

"அவ்ளோ நீள முடி, பாவம். அவங்க மருந்து போட்டுப் பாத்துக்குவாங்க." மிஸ் ஆறுதலாக அவள் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார். கை பாதி வழியில் நின்றது. நின்ற கையை வைத்துத் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துச் சரிபார்த்தார். "நீங்க வழக்கம்போல ஆறரைக்கு வந்துடுங்க. ஒங்கள விட்டா இந்த எடத்த யார் பாப்பாங்க?"

"சரிங்க மிஸ்."

அந்தச் 'சரிங்க' வாயில் கரையாத மாத்திரை மாதிரி ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில், தெருவில், படியேறும்போது, துப்பித் துப்பிப் பார்த்தாள். போகவில்லை. அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்றே அவளுக்கு நினைவில்லை.

கணவன் லாரியில் போய் ஆறு நாள் ஆகியிருந்தது. வீட்டில் நாத்தனார் இருந்தாள், கணவனின் தங்கை. அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். வாயும் கத்தரியும் ஒரே வேகத்தில் ஓடும். விஷயத்தை முழுசாகக் கேட்டதும் முதலில் சிரித்தாள்.

"எங்க பார்லர்ல பின்வாசல் ரூம்னு ஒண்ணு இருக்கு அண்ணி. முன்னாடி வாசல் வழியா வர முடியாத தலையெல்லாம் அங்கதான் வரும். அங்க வந்து நிக்கற கார் இந்தத் தெருவுல திரும்பவே திரும்பாது, அவ்ளோ நீளம். பேனுக்குக் காரும் தெரியாது, தெருவும் தெரியாது. சூடா ஒரு தலை இருந்தாப் போதும்."

"அதுல யாருக்காவது மொட்ட போட்டிருக்கியா?"

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. "ஒருத்தருக்குக்கூட இல்ல. மருந்து, சீப்பு, ஒரு வாரம். அவ்ளோதான்."

"ஆனா மெஷின் கொண்டாந்திருக்க."

"நீங்கதான போன்ல கேட்டீங்க? எடம் போயிடும்னு அழுதீங்க. இப்ப என்னையே கொற சொல்றீங்க."

சுண்டுவை ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டார்கள். அவள் மெஷினைக் கேட்டு வாங்கி, பல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் அதை ஓடவிட்டாள். வண்டு மாதிரி அது ரீங்கரித்தது. சுண்டுவுக்குக் கூச்சம் தாங்காமல் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். பிடரியில் முதல் கீற்று விழுந்தது. ஒரு பிடி முடி துண்டில் சரிந்தது. வெளுப்பாக, ரூபாய் நாணயம் அளவுக்கு, தோல் தெரிந்தது.

"அம்மா."

"என்னடி?"

"முடிய எடுத்துட்டா, காடு எங்க வெக்கும்?"

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். ஆயா கையை நீட்டி, சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். மெஷின் நின்ற பிறகும் அந்தச் சின்ன அறையில் சத்தம் கொஞ்ச நேரம் இருந்ததுபோல இருந்தது.

"அந்தச் சீப்பு இருக்கா ஒங்கிட்ட? பின்வாசல் சீப்பு?"

"இருக்கு," என்றாள் நாத்தனார். "அப்ப எடம்?"

ஆயா சுண்டுவின் பிடரியில் அந்த நாணயத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

வழக்கமாக நாத்தனார் வேலைக்குப் போகிற வழியில் ஒன்பது மணிக்குச் சுண்டுவைக் கொண்டுவந்து விடுவாள். மறுநாள் ஆயா அவளை ஆறு மணி பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போனாள். பலகைக்குக் கீழே வந்ததும் கையை விட்டுவிட்டு ஓடிய சுண்டு, வெளியின் நடுவில் போய் நின்றுவிட்டாள்.

இரவு யாரோ கூட்டமாக வந்து போயிருந்தார்கள். கட்டைகளுக்கு நடுவே நெருப்பு மூட்டிய கரி. சுற்றிப் பாட்டில்கள், கண்ணாடித் தூள், கடித்துப் போட்ட எலும்புகள். வகுப்பு நடக்கும்போது மிஸ் உட்காரும் கட்டையின்மேல் ஒருவன் வாந்தி எடுத்திருந்தான். அது வழிந்து, பாதி காய்ந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஊறிய சாம்பலும் மூத்திரமும் சாராயமும் கலந்த வீச்சம்.

"அம்மா, இது நம்ம காடு இல்ல," என்றாள் சுண்டு.

"இதுதான்."

"இல்ல. நம்ம காடு க்ளீனா இருக்கும்."

"இதாண்டி. நீ ஒம்போது மணிக்குப் பாப்ப. நான் ஆறரைக்குப் பாப்பேன்."

சுண்டு அதை நம்பவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புதரோரம் செத்துக் கிடந்த ஓர் எலியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். எறும்புச் சாரை ஒன்று அதன் கண்ணுக்குள் போய் வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. அவள் விரல் நீண்டது.

"சீ. தொடாத."

சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். "அம்மா. காட்டுல சீ சொல்லக் கூடாது."

"அது ஒம்போது மணிக்கு மேல."

கொட்டகையைத் திறந்து இடுக்கியையும் பக்கெட்டையும் தகரத் தகட்டையும் எடுத்து வந்தாள். கை தன் பழக்கத்துக்கு முதல் பாட்டிலின் கழுத்தைக் கவ்வித் தூக்கியது. மூச்சு தானாக நின்றது, முகம் தானாகத் திரும்பியது. திரும்பிய முகத்துக்கு நேராகத் தார்ப்பாய் தெரிந்தது. அதன் கீழே நேற்று நின்றிருந்த தட்டுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அந்த முகங்கள் சுருங்காமல் இருப்பதற்காகத்தானே இத்தனை நாள் நம் வயிறு சுருங்கிச் சுருங்கி விரிந்தது என்று பட்டது. இடுக்கியை விரித்தாள். பாட்டில் எடுத்த இடத்திலேயே விழுந்து, கொஞ்சம் உருண்டு, நின்றது.

வாந்தி படாத கட்டையாகப் பார்த்து உட்கார்ந்தாள். பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். பார்லர் காகிதத்தில் சுற்றியிருந்த சீப்பைப் பிரித்தாள். பற்கள் நெருக்கமான இரும்புச் சீப்பு.

"வா இங்க."

சுண்டு அவள் முழங்கால்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றாள். பிறகு ஏதோ நினைவு வந்து, ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து காட்டுப் பெட்டியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்தாள். ஆயா வகிடு எடுத்தாள். வேரிலிருந்து நுனிவரை, மெல்ல, ஒரு தடவை இழுத்தாள். நகத்தில் வைத்து நசுக்கவில்லை. சீப்பைப் பெட்டியின் விளிம்பில் தட்டினாள். அவசரம் எதுவும் இல்லை. நேரம் எவ்வளவு ஆனது என்றும் பார்க்கவில்லை. வெயில் மரங்களுக்கு நடுவே இறங்கிக் கண்ணாடித் தூளில் மின்னத் தொடங்கியிருந்தது. பக்கெட் காலியாகக் கிடந்தது.

"காடு என்ன வெச்சிருக்கும்மா? வெதயா?"

"இல்ல. பேன்."

"பேன்," என்று சொல்லிப் பார்த்தாள் சுண்டு. புதிதாக ஒரு பூச்சியின் பெயர் கிடைத்ததில் அவளுக்குத் திருப்தி. "ரிப்பனுக்கும் பேனா?"

"ரிப்பனுக்கும் பேன்தான்."

நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் பாடிக்கொண்டே வருவதும், முன்னால் மிஸ்ஸின் ரப்பர் பூட்ஸ் ஈர இலைகளில் சளக் சளக்கென்று வருவதும் தெளிவாகக் கேட்டன. ஆயா அடுத்த வகிட்டை எடுத்தாள். சுண்டு பெட்டிக்குள் குனிந்துகொண்டாள். உலர்ந்த விதைகளுக்கும் பாதி இறகுக்கும் நடுவே, தகரத்தின் பளபளப்பில் தன் நிழலையே மோந்து பார்த்தபடி, ஒரு பேன் விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.